இடப்பக்கம் வளைந்த குடை

மூடலகேரி
12 செப்டம்பர் 1994

சுமங்கலவ்வாவுக்கு உன் மாமன் கல்லப்பா சொல்ல எழுதியது. வீரபத்திரன் புண்ணியத்தில் நானும் எருதுகள் இரண்டும் சுகம். கறுப்பனுக்கு மட்டும் குளம்பில் புண், வேப்பெண்ணெய் தடவுகிறேன். உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? சட்டசபை நாற்காலியில் பஞ்சு வைத்திருக்கிறார்களா, வெறும் பலகையா என்று எழுது.

எழுதுகிறவர் வழக்கம்போலத் தபால் மாஸ்டர் பீமசேனாச்சார். அவருடைய மூக்குக்கண்ணாடியின் ஒரு காது உடைந்து, அந்தப் பக்கம் நூல் கட்டியிருக்கிறார். எழுத்து கோணினால் நூல்தான் காரணம்.

காரியத்துக்கு வருகிறேன். நேற்றுத் தபால் ஆபீஸ் வாசலில் ஒரு பேச்சு அடிபட்டது. வருகிற தேர்தலில் குடைக் கட்சி உனக்கு டிக்கெட் கொடுக்காதாம். சாராய காண்டிராக்டர் சங்கனகௌடாவுக்குக் கொடுக்கப் போகிறதாம். தையல்கார உசேன்சாப் சொன்னான், "அவனுக்கு எதுக்குய்யா குடை? பொறந்ததிலேருந்து நனைஞ்சே கிடக்கிறவன்!" எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகு ரொட்டி இறங்கவில்லை.

எனக்கு எழுத்துத் தெரியாது, மறதியும் தெரியாது. அஞ்சு வருஷத்துக்கு முன்னால் கால்வாய் மேட்டில் ஜீப் புரண்டு என் மகன் ஈரண்ணா போனான். பதினேழாம் நாள் கட்சிக்காரர்கள் வந்து, அவன் இடத்தில் நீ தேர்தலுக்கு நிற்க வேண்டும் என்றார்கள். நீ சோளம் குத்திக்கொண்டிருந்தாய், உலக்கையைக் கீழே வைக்காமலே கேட்டுக்கொண்டாய். சந்தைத் திடலில் முதல் கூட்டம். கட்டினவன் பேரை வாய்விட்டுச் சொல்லாதவர்கள் நம் வீட்டுப் பெண்கள். பேரைச் சொல்லாமல் ஓட்டுக் கேட்பது எப்படி? மைக்கைப் பிடித்துக்கொண்டு ஊமையாய் நின்றாய். பின்னாலிருந்து ஒருத்தி கத்தினாள், "கல்யாணத்துல புருஷன் பேரைச் சொல்ற மாதிரி பாட்டாச் சொல்லிடு யவ்வா!" நீ சொன்னாய்:

மழைக்கும் அதே குடை, வெயிலுக்கும் அதே குடை,
மண்ணுக்குப் போனவரு விட்டுப்போன குடை,
ஈரண்ணா பேரச் சொல்லி ஏந்தி வந்தேன் மடி.

திடலில் ஒரு கண் காயவில்லை. ஜெயித்தாய். முதலில் காட்டின இடத்தில் கையெழுத்துப் போட்டாய். பிறகு படித்துப் பார்த்துப் போட்டாய். அதற்கும் பிறகு போடமாட்டேன் என்றாய். பள்ளிக்கூடத்தை ஒட்டியிருந்த சாராயக் கடையை நீ தூக்கவைத்த அன்றிலிருந்து சங்கனகௌடா பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறான்.

பேச்சு மெய்யா பொய்யா என்று எழுது. வேளைக்குச் சாப்பிடு.

இப்படிக்கு உன் மாமன். கீழே என் கைநாட்டு.

•

பெங்களூர்
3 அக்டோபர் 1994

மாமா அவர்களுக்குச் சுமங்கலாவின் சரணு சரணார்த்தி. நான் நலம். கறுப்பன் குளம்புக்கு வேப்பெண்ணெய் மட்டும் போதாது, கால்நடை டாக்டரை வரச்சொல்லியிருக்கிறேன். வந்தால் அவரோடு சண்டை போடாதீர்கள்.

ஆச்சாரின் கோணல் எழுத்தைப் பார்த்தபோது கடிதம் வந்தது என்று தெரிந்தது. உங்கள் கைநாட்டைப் பார்த்தபோதுதான் நீங்கள் வந்தீர்கள். அரிவாள் வெட்டின தழும்பு குறுக்கே வெள்ளைக் கோடாக ஓடுகிறதே, அது உலகத்தில் வேறு எந்த விரலிலும் கிடையாது.

பேச்சு மெய்தான் போலிருக்கிறது. தலைவர் கூப்பிட்டனுப்பினார். காபி கொடுத்துவிட்டுச் சொன்னார், "தங்கச்சி, அஞ்சு வருஷம் ஈரண்ணாவோட நாற்காலில உக்காந்துட்ட. போதும்மா. நாற்காலிக்கும் ஓய்வு வேணாமா?" நான் சொன்னேன், "நாற்காலி அவரோடதாவே இருக்கட்டும் அண்ணா. முதுகுவலி என்னோடதுதானே?" அவர் சிரிக்கவில்லை.

இன்னும் பட்டியல் வெளியாகவில்லை. அதனால் தசராவுக்கு வர முடியாது. என் பங்கு வன்னி இலையை நீங்களே எனக்காக வாங்கி வையுங்கள்.

உங்கள் சுமங்கலா

•

மூடலகேரி
16 அக்டோபர் 1994

சுமங்கலவ்வாவுக்கு மாமன் ஆசீர்வாதம். இங்கே எல்லாரும் சுகம். நீ அனுப்பின டாக்டரோடு சண்டை போடவில்லை, கறுப்பன்தான் போட்டான். டாக்டருக்கு முழங்காலில் வீக்கம்.

தசரா நல்லபடியாக நடந்தது. ஊர் எல்லையில் போய் வன்னி வெட்டி வந்தோம். அந்த வருஷம் யார் யாரோடு சண்டையோ அவர்களைத் தேடிப்போய்க் கொடுப்பதுதானே முறை. வேலித் தகராறில் ஆறு மாசமாகப் பேசாத துண்டப்பாவிடம் போய், "வன்னி வாங்கிக்கோ, பொன்னா இருப்போம்" என்று நீட்டினேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே வாங்கினான். வாங்கித்தானே ஆகவேண்டும்? அன்றைக்கு நீட்டினதை வேண்டாம் என்று சொல்ல எவனுக்கும் உரிமையில்லை. "இலையை வாங்கிக்கிறேன், வேலி மட்டும் வேலிதான்" என்றான். பரவாயில்லை, பேசினானே.

உன் பங்கு இலை இந்தக் கவருக்குள்ளே இருக்கிறது. நமக்குள் சண்டை இல்லை, இருந்தாலும் வை.

உன் மாமன். கைநாட்டு கீழே.

•

ஹிரேபேட்டை
9 நவம்பர் 1994

மாமா அவர்களுக்குச் சரணு. உங்கள் உடம்பு எப்படி? எனக்குத் தொண்டை மட்டும் கட்டியிருக்கிறது.

செய்தி உங்களுக்கு வந்திருக்கும். குடை சங்கனகௌடாவுக்குப் போய்விட்டது. நான் தனியாக நிற்கிறேன். சர்க்கார் எனக்குக் கொடுத்த சின்னம் தையல் மிஷின்.

தாலுகாவில் தொண்ணூற்றாறு கிராமம். ஒரே ஜீப். இருபது நாள். அதனால் நம் ஊரை உங்கள் கையில் விட்டுவிடுகிறேன். எழுத்துத் தெரியாதவர்களுக்குப் பேர் பிரயோசனமில்லை, படம்தான் கண். குடை இனிமேல் நான் இல்லை என்று வீடு வீடாகச் சொல்லுங்கள்.

இன்னொன்று. நம் வீட்டுத் தெருச்சுவரில் இருக்கும் குடை. மூன்று குக்கிராமத்து ஜனங்களும் அந்தச் சுவரைத் தாண்டித்தான் ஓட்டுச்சாவடிக்குப் போகவேண்டும். எம்.எல்.ஏ. வீட்டுச் சுவரிலேயே குடை இருந்தால் அவர்கள் என்ன நினைப்பார்கள்? அதன்மேல் சுண்ணாம்பு அடித்துவிடுங்கள் மாமா. யார் வரைந்தது என்று எனக்கும் தெரியும். தெரிந்துதான் கேட்கிறேன்.

சுமங்கலா

•

மூடலகேரி
14 நவம்பர் 1994

சுமங்கலவ்வாவுக்கு ஆசீர்வாதம். நான் சுகம், கறுப்பன் சுகம். தொண்டைக்கு மிளகும் வெல்லமும் மெல்லு.

நீ சொன்ன வேலை அமர்க்களமாக நடக்கிறது. உசேன்சாப்பின் தையல் மிஷினையே வண்டியில் ஏற்றிக் கட்டிவிட்டோம். நான் வண்டி ஓட்ட, அவன் பின்னால் உட்கார்ந்து மிதிக்கிறான். மிஷின் கடகடவென்று ஓடுகிறது. தெருவே கூடிவிடுகிறது. "குடை நல்லாத்தான் இருந்துச்சு, இப்போ கிழிஞ்சு போச்சு! கிழிஞ்சதைத் தைக்க மிஷின் வேணுமா இல்லையா?" என்று கத்துகிறான். கீழ்த்தெருச் சங்கவ்வா மட்டும் கேட்டாள், "ஓட்டுப் போட்டா இந்த மிஷினை எனக்கே குடுத்துடுவீங்களா?" உசேன்சாப் பதறிப்போய், "அம்மா, இது படம் மாதிரி, சும்மா பாக்கிறதுக்கு" என்றான். "அப்போ ஓட்டையும் படம் மாதிரி சும்மா காட்டுறேன்" என்றாள் அவள். வயிறு வலிக்கச் சிரித்தோம்.

சுவர் விஷயம் எழுதியிருந்தாய். காளவாய்க்காரன் சந்தைக்குப் போயிருக்கிறான், சுண்ணாம்பு இல்லை. வந்ததும் பார்க்கலாம்.

அந்தக் குடையின் பிடி இடப்பக்கம் வளைந்திருக்கிறதே, நீ கவனித்திருக்கிறாயா? பெயிண்டர்கள் போட்ட குடை எல்லாம் வலப்பக்கம். ஈரண்ணா இடதுகைக்காரன். ஏணியைப் பிடித்துக்கொண்டு கீழே நின்றவன் நான். ஒரு சொட்டுக் கறுப்பு என் மூக்கில் விழுந்தது. சரி, அது கிடக்கட்டும்.

இந்த வருஷம் சோளம் நன்றாகக் கதிர் பிடித்திருக்கிறது.

உன் மாமன். கைநாட்டு.

•

ஹிரேபேட்டை
20 நவம்பர் 1994

மாமா அவர்களுக்குச் சரணு. நலமா? நான் நலம் என்று எழுத நேரம் இருக்கிற அளவுக்கு நலம்.

நேற்று ஒரு கூட்டத்தில் சங்கனகௌடாவின் ஆள் கத்தினான், "பேரு சுமங்கலா, நெத்தியில ஒண்ணையும் காணோமே!" எல்லாரும் என்னையே பார்த்தார்கள். "நெத்தியில விபூதி இருக்குதுப்பா, பாக்கிற கண்ணுலதான் சாராயம் இருக்கு" என்றேன். பெண்கள் கைதட்டின தட்டில் அவன் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான். மாமா, அந்தக் கைதட்டல் எனக்கு. யாருடைய பேரையும் சொல்லாமல் எனக்கு விழுந்த முதல் கைதட்டல். ஜீப்பில் வரும்போது அழுதேன். டிரைவர் என்ன நினைத்தானோ.

ஜெயிப்பேன் போலிருக்கிறது. கொஞ்சத்தில்தான். நம் ஊர் கைகொடுத்தால் ஜெயிப்பேன்.

குடை இன்னும் சுவரில் இருக்கிறது என்று ஒருவர் வந்து சொன்னார். "இருக்காது, மாமாகிட்ட சொல்லியாச்சு" என்று அனுப்பிவிட்டேன். சுண்ணாம்பு கிடைத்துவிட்டதல்லவா?

சுமங்கலா

•

மூடலகேரி
25 நவம்பர் 1994

சுமங்கலவ்வாவுக்கு ஆசீர்வாதம். இங்கே சுகம்.

சுவர் விஷயம் ஒரு முடிவுக்கு வந்துவிட்டது. அதை நினைத்து நீ மனசை அலட்டிக்கொள்ளாதே. ஊர் ஊராகப் போகிறாய், தண்ணீரைக் காய்ச்சிக் குடி.

கறுப்பனுக்குப் புண் ஆறிவிட்டது.

உன் மாமன். கைநாட்டு.

•

ஹிரேபேட்டை
12 டிசம்பர் 1994

மாமா,

முன்னூற்றுப் பன்னிரண்டு ஓட்டில் தோற்றேன்.

நம் ஊர்ப் பெட்டியை எண்ணும்போது நான் பக்கத்தில் நின்றேன். குடை நானூற்று நாற்பது. மிஷின் நூற்றுப் பதினெட்டு.

வெளியே வந்தபோது சங்கனகௌடாவின் ஆள் ஒருவன் ஒரு ஜெராக்ஸ் காகிதத்தை நீட்டினான். "என்னக்கா, இதை நீங்க பாக்கவே இல்லையா? கடைசி மூணு நாளும் ஊர் ஊரா இதைத்தானே காட்டினோம்" என்றான். அதில் எழுதியிருந்தது: "என் வீட்டுச் சுவரில் குடைச் சின்னம் இருப்பதற்கு எனக்குப் பூரண சம்மதம். இப்படிக்கு, மறைந்த ஈரண்ணாவின் தகப்பன் கல்லப்பா." நம் ஊரில், "மருமக வேற, மகன் கட்சி வேற, பெரியவரே குடை பக்கம்தான், வேணும்னா போய்ச் சுவரைப் பாரு" என்று சொன்னார்களாம். போய்ப் பார்த்திருக்கிறார்கள். சுவரில் குடை இருந்திருக்கிறது.

போலிக் காகிதம் என்றுதான் முதலில் சண்டை போட்டேன். பிறகு கைநாட்டைப் பார்த்தேன். எழுத்தை யார் வேண்டுமானாலும் எழுதலாம். அந்த வெள்ளைக் கோட்டை யாரும் எழுத முடியாது.

சுமங்கலா

•

மூடலகேரி
19 டிசம்பர் 1994

சுமங்கலவ்வாவுக்கு.

நீ சுகம் கேட்கவில்லை, அதனால் நானும் சொல்லவில்லை. தபால் ஆபீஸ் கதவைச் சாத்திவிட்டு ஆச்சார் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி இதைச் சொல்கிறேன்.

நவம்பர் இருபத்துமூன்றாம் தேதி, புதன்கிழமை, காலையில் ஜீப்பில் இரண்டு பேர் வந்தார்கள். ஒருவனுக்குத் தங்கப்பல். "பெரியவரே, நாளைக்கு எலெக்ஷன் ஆபீசர் வர்றாரு. வீட்டுக்காரர் சம்மதம் இல்லாத சுவருக்கெல்லாம் சுண்ணாம்பு அடிக்கச் சொல்லி உத்தரவு. இது உங்க மகன் கையால வரைஞ்சதாமே. பாவம். இதுல ஒரு கைநாட்டு வெச்சுட்டீங்கன்னா ஒருத்தன் தொடமாட்டான்" என்றான். "கட்சிக் காகிதமா?" என்று கேட்டேன். "சேச்சே, சர்க்கார் காகிதம்" என்றான்.

தபால் ஆபீஸ் என் வீட்டிலிருந்து நாற்பது அடி. ஆச்சார் உள்ளேதான் இருந்தார், அவர் இருமுவதுகூடக் கேட்டது. காகிதத்தைக் கொண்டுபோய்ப் படிக்கச் சொல்லியிருக்கலாம். ஏமாந்துவிட்டேன் என்று உன்னிடம் சொன்னால் நீ நம்பிவிடுவாய். ஊரும் நம்பும், எழுத்தறியாத கிழவன்தானே. ஆனால் நான் போகாதது ஏன் என்று எனக்குத் தெரியும். படித்துச் சொல்லிவிடுவாரே என்றுதான் போகவில்லை.

சுவரைப் பற்றின உன் இரண்டாவது கடிதம் வருவதற்கு முன்பே சுண்ணாம்பு வந்துவிட்டது. கரைத்துச் சுவர்வரைக்கும் போனேன். சுண்ணாம்பு மட்டையை இரண்டு தரம் தூக்கினேன். அந்தப் பிடி இடப்பக்கம் வளைந்து நின்றது. தூக்கின கை இறங்கவில்லை. குக்கிராமத்து ஜனங்கள் மிஷினைத்தான் கண்ணால் பார்த்துவிட்டார்களே, ஒரு சுவர் என்ன செய்துவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

உயிரோடு இருக்கிறவள் கேட்டதைச் செய்யாமல் செத்துப்போனவன் பக்கம் நின்றுவிட்டேன். அவன்கூட இதைக் கேட்டிருக்கமாட்டான்.

இந்தக் கடிதத்தில் கைநாட்டு இல்லை. இனி எந்தக் காகிதத்திலும் வைக்கமாட்டேன்.

கல்லப்பா

•

ஹிரேபேட்டை, பெண்கள் விடுதி
26 செப்டம்பர் 1995

மாமா அவர்களுக்குச் சரணு சரணார்த்தி. உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா? கறுப்பன் எப்படி? ஒன்பது மாதமாகக் கேட்காததையெல்லாம் இப்போது சேர்த்துக் கேட்கிறேன்.

நீங்கள் போட்ட நான்கு கடிதமும் என் பெட்டியில் இருக்கின்றன. கைநாட்டு இல்லாமல் வந்ததால் யாரோ வேற்றாள் எழுதியது போல் இருந்தது. வேற்றாளுக்கு என்ன பதில் எழுதுவது? அப்படிச் சொல்லிக்கொண்டே நாளை ஓட்டினேன்.

பெங்களூர் அறையைக் காலி செய்துவிட்டேன். நான் எம்.எல்.ஏ.வாக இருந்தபோது கையெழுத்துப் போட்டுக் கொண்டுவந்த விடுதியிலேயே இப்போது வார்டனாக இருக்கிறேன். வாசல் கல்வெட்டில் என் பேர் இருக்கிறது. போன வாரம் ஒரு சின்னப் பெண் அதை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "மேடம், இவங்க யாரு, செத்துப் போயிட்டாங்களா?" என்று கேட்டாள். "ஆமா, போன டிசம்பர்ல" என்றேன். பிறகு அவள் பயந்துவிட்டாள் என்று வெல்லம் கொடுத்துச் சமாதானம் செய்தேன். இனி தேர்தல் என்று யாரும் என்னிடம் வரமாட்டார்கள். வந்தாலும் நான் நிற்கமாட்டேன்.

மாமா, நீங்கள் உங்கள் மெய்யைச் சொல்லிவிட்டீர்கள். நான் என்னுடையதைச் சொல்லவில்லை. தொண்ணூற்றைந்து கிராமம் போனவள் நம் ஊருக்கு மட்டும் வரவில்லையே, ஏன்? வண்டி இல்லை, நாள் இல்லை என்று எழுதினேன். வந்தால் நானே அந்தக் குடையை அழிக்கவேண்டியிருக்கும். என்னால் முடியாது. என்னால் முடியாததை உங்கள் தலையில் வைத்துவிட்டு, உங்களால் முடியவில்லை என்று ஒன்பது மாதம் கோபித்துக்கொண்டேன்.

அவர் போட்டோ இருக்கிறது, போஸ்டர் இருக்கிறது. எல்லாம் யாரோ எடுத்தது, யாரோ அச்சடித்தது. அவர் கை பட்டது என்று மிச்சம் இருப்பது அந்தச் சுவர் ஒன்றுதான். இனிமேல் அது எந்தக் கட்சியின் குடையும் இல்லை. வெறும் குடை. ஒரு தடவை பக்கத்தில் நின்று பார்க்கவேண்டும். எட்டாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை காலை வண்டியில் வருகிறேன். தசரா சுண்ணாம்பு அடிக்கும்போது அந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டு அடிக்கச் சொல்லுங்கள்.

இனி கைநாட்டு இல்லாமல் கடிதம் போடாதீர்கள்.

உங்கள் மகள் சுமங்கலா

•

மூடலகேரி
28 செப்டம்பர் 1995

சுமங்கலவ்வாவுக்கு மாமன் எழுதுவது. நான் சுகம். நீயும் சுகமாக இருக்கவேண்டும்.

இது ஐந்தாவது கடிதம். பதில் கேட்டு எழுதவில்லை. ஓடையில் வெள்ளம் வந்து மூன்று நாளாகத் தபால் வண்டி வரவில்லை, இதுவும் எப்போது உன் கைக்கு வருமோ.

சாராயக் கடை பழையபடி பள்ளிக்கூடத்தை ஒட்டியே வந்துவிட்டது. மணி அடித்தால் பிள்ளைகள் ஒரு பக்கம், குடிகாரர்கள் ஒரு பக்கம். சங்கவ்வா என் வீட்டு வாசலில் நின்று, "மிஷின் வேணாம், அந்தப் பொண்ணைக் கூட்டிட்டு வந்துடு பெரியவரே" என்று அழுதாள்.

ஊரெல்லாம் தசராவுக்குச் சுண்ணாம்பு அடிக்கிறார்கள். நேற்று நானும் அடித்தேன். வெறும் சுண்ணாம்பு போதாது, கறுப்பு ஊறி மேலே வந்துவிடும் என்று உசேன்சாப் சொன்னான். அதனால் முதலில் களைக்கொத்தை எடுத்துச் சுரண்டினேன். பிடியிலிருந்து ஆரம்பித்தேன். சாயந்திரம் ஆகிவிட்டது. பிறகு மூன்று பூச்சு. இப்போது வெள்ளை. நீ கேட்ட வேலை பத்து மாசம் தாமதமாக முடிந்தது. சொல்லிவிடவேண்டும் என்றுதான் எழுதினேன்.

கல்லப்பா

இதை நானாகச் சேர்க்கிறேன் அம்மா, பீமசேனாச்சார். அவர் சுரண்டுகிறபோது போய்த் தடுத்தேன். "நீ எழுதுற ஆளு, இதுல பேசாதே" என்றார். உதிர்ந்த காரையில் ஒரு துண்டுகூடத் தெருவில் விழவிடாமல் கீழே கம்பளி விரித்திருந்தார்.

•

மூடலகேரி
4 அக்டோபர் 1995

என் மகள் சுமங்கலவ்வாவுக்கு மாமன் ஆசீர்வாதம். நான் சுகம், வேளைக்குச் சாப்பிடுகிறேன். கறுப்பன் கிழவனாகிவிட்டான், ஆனால் சுகம்.

உன் கடிதம் முப்பதாம் தேதி வந்தது. வெள்ளம் வடிந்து, நாலு நாள் தபாலும் ஒரே பையில். ஆச்சார் படித்தார். "அந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டு" என்கிற வரி வந்ததும் நிறுத்தினார். "படிங்க" என்றேன். முடித்துவிட்டு, "இன்னொரு தரம் படிக்கட்டுமா கல்லப்பா?" என்றார். வேண்டாம் என்றேன். எனக்கு ஒரு தரம் கேட்டால் போதும். அதுதானே என் வியாதி.

அந்தச் சுவருக்கு எதிரே போய் உட்கார்ந்தேன். நல்ல வெயில். வெள்ளை கண்ணைக் குத்தியது. ஆழமாகச் சுரண்டிவிட்டேன் மகளே. ஒரு கோடும் மிச்சமில்லை. உசேன்சாப் வந்து, "அண்ணா, நான் வேணா அதே மாதிரி வரைஞ்சு தரட்டுமா? பிடியை இடப்பக்கமே வளைச்சுடலாம்" என்றான். நல்ல மனசோடுதான் கேட்டான். "நீ வலதுகைக்காரன்டா" என்றேன்.

முன் கடிதம் உன் கைக்கு வந்ததோ இல்லையோ, வண்டியை விட்டு இறங்கி நீ நேரே அந்தச் சுவரைப் பார்த்துவிடக் கூடாது என்றுதான் அவசரமாக இதைப் போடுகிறேன். தெரிந்துகொண்டு வா. வராமல் இருந்தாலும் சரி.

உதிர்ந்த காரையை என்ன செய்வது என்று அன்றைக்குத் தெரியவில்லை. தெருவில் கொட்டினால் மிதிப்பார்கள். கம்பளியோடு தூக்கிக்கொண்டு போய் ஊர் எல்லையில் வன்னி மரத்தடியில் கொட்டி மண் தள்ளினேன். நேற்று விஜயதசமி. ஊர்க்காரர்கள் அந்த மரத்தில்தான் வெட்டினார்கள். உள்ளே இருக்கும் இலை அதிலிருந்து நான் பறித்தது. போன வருஷம் நமக்குள் சண்டை இல்லை, சும்மா அனுப்பினேன். இந்த வருஷம் சும்மா இல்லை. வன்னி வாங்கிக்கொள், பொன்னாக இருப்போம்.

ஆச்சார் மைப்பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருக்கிறார். கீழே என் கைநாட்டு. இந்தத் தடவை எதற்கு வைக்கிறேன் என்று தெரிந்து வைக்கிறேன்.